விஸ்கான்சினில் தரையோடு ஓடும் பந்து

வெள்ளி, எரின்

செப்டம்பர் கடைசி வாரம். சிகாகோவின் மேற்குப் புறநகரிலிருந்து இருட்டோடு கிளம்பி, மில்வாக்கியின் காலை நெரிசல் தொடங்குவதற்குள் அந்த ஊரைக் கடந்துவிட்டோம். உடன் வருவது என் மனைவியின் தம்பி. இளவட்டம், அவன் கோல்ஃப் பந்தை அடித்தால் அது விழும் இடம் என் கண்ணுக்குத் தெரியாது. நானோ ஜாக்சன் பார்க்கில், சிகாகோ பூங்காத் துறையின் பொதுத் திடலில், நடுவயதில் ஆடப் பழகியவன். அவன் பந்து வானத்தில் போகும், என் பந்து தரையோடு போகும். பெயர் பெற்ற திடல்களைப் பார்க்கலாம் என்று அவன் வந்தான். நான் தரையைத் தேடி வந்தேன்.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஸ்காட்லாந்தில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே மணல்மேடாகக் கிடக்கும் நிலத்தை லிங்க்ஸ் என்பார்கள். உழவுக்கு உதவாது, ஆடு மேயும், புல் குட்டையாகவும் முரடாகவும் இருக்கும். நம் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரியைக் குளிரூட்டி, மேலே புல்லைப் போர்த்தினால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். மழைநீர் உடனே உள்ளே இறங்கிவிடுவதால் தரை கெட்டியாக நிற்கும். விழுந்த பந்து ஓடும். காற்றோ ஓயாது. ஆகவே பந்தை உயரத் தூக்காமல், குழியைக் காட்டும் கொடிக்கு 30 கஜம் முன்பே தரையில் இறக்கி, மேடு பள்ளங்களின் தயவில் உருட்டிக்கொண்டு போவதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். அமெரிக்கத் திடல்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறு: வரிசை மரம், குளம், நீர் பாய்ச்சி வளர்த்த மெத்தைப் புல். பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

கடலே இல்லாத விஸ்கான்சினில் லிங்க்ஸ் எப்படி என்றால், பனியாறுகளின் புண்ணியம். கடைசிப் பனியுகத்தில் இரண்டு பெரும் பனி நாக்குகள், ஒன்று கிரீன் பே பக்கமிருந்தும் மற்றொன்று மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்தும் வந்து, மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உரசி நின்றன. அவை கொண்டுவந்து கொட்டிய சரளையும் மணலும்தான் இன்று கெட்டில் மொரைன் என்னும் குன்றுத் தொடர். சரளைக்குள் புதைந்துபோன பனிக்கட்டிகள் பின்னால் உருக, அவை இருந்த இடங்கள் குழிகளாயின. எரின் ஹில்ஸ் திடல் இந்த நிலத்தில்தான் இருக்கிறது. மைக்கேல் ஹர்ட்சன், டேனா ஃப்ரை, கோல்ஃப் எழுத்தாளர் ரான் விட்டன் ஆகிய மூவரும் வடிவமைத்து, 2006-இல் திறந்தார்கள். மண்ணை அதிகம் அசைக்கவில்லை. இதற்குப் பணம் போட்ட பாப் லாங் காலண்டரும் வாழ்த்து அட்டையும் விற்று முன்னுக்கு வந்தவர். யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி இங்கே வரவேண்டும் என்ற ஒரே ஆசையில் கடனுக்கு மேல் கடன் வாங்கி, 2009-இல் திடலையே விற்றுவிட்டார். போட்டி 2017-இல் வந்தது, அவர் உரிமையாளராக இல்லாத திடலுக்கு.

கோல்ஃப் வண்டி இங்கே கிடையாது, எல்லோரும் நடக்கவேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் மேட்டில் ஏறியபோது தெற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை மரம் இல்லை. இடுப்பளவு ஃபெஸ்க்யூ புல் வைக்கோல் நிறத்தில் அசைந்துகொண்டிருக்கிறது. தூரத்துக் குன்றின்மேல் ஹோலி ஹில் மாதா கோயிலின் இரட்டைக் கோபுரம். பதினெட்டாவது குழியை நோக்கி நடக்கும்போது அந்தக் கோபுரம் எதிரே நிற்கிறது. களைத்துப்போயிருக்கும் நேரத்தில் வேண்டுதல் வைக்க வசதியாகத்தான் இருக்கிறது.

என் தரை ஆட்டம் இங்கே பாதிதான் செல்லுபடியானது. ஃபேர்வேயில், அதாவது குட்டையாக வெட்டிய நடுப்புல்வெளியில், பந்து அருமையாக ஓடுகிறது. ஆனால் கொடி நிற்கும் மழித்த புல்தரைகளான கிரீன்களில் பல, மேட்டின் தோளில் தொங்குகின்றன. உருட்டிவிட்ட பந்து முக்கால் வழி ஏறி, யோசித்து, திரும்பி என் காலடிக்கே வருகிறது. ஒன்பதாவது குழி மேட்டிலிருந்து கீழே, ஒரே அடியில் எட்டவேண்டிய குட்டைக் குழி. சுற்றிலும் கிழிந்த விளிம்புகளோடு பங்கர் என்னும் மணற்குழிகள். அங்கே உருட்டுவதற்கு வழியே இல்லை, பறந்துதான் போகவேண்டும். மைத்துனன் ஒரே அடியில் கொடிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் புல்லைப் பார்த்தேன்.

2017 போட்டியில் ப்ரூக்ஸ் கெப்கா பாருக்கு, அதாவது திடலுக்கு வகுத்த அடிக்கணக்குக்கு, 16 குறைவாக அடித்து வென்றார். 2011-இல் ரோரி மெக்கில்ராய் படைத்த சாதனையோடு சமம். அந்த வாரம் பெய்த மழையில் தரை இளகிப்போனது அதற்கு ஒரு காரணம். ஈரம் பட்டால் லிங்க்ஸ் பல் பிடுங்கிய பாம்பு. எங்களுக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. பத்து நாளாக இங்கே மழையே இல்லையாம்.

விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பொரித்த மீன்தான். கத்தோலிக்கர்கள் வெள்ளியன்று இறைச்சி தவிர்த்த வழக்கத்திலிருந்து வந்தது. இப்போது மதம் பார்க்காமல் மாநிலமே சாப்பிடுகிறது. சாலையோர சப்பர் கிளப் ஒன்றில் ரை ரொட்டி, உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ் சாலட் சகிதம் தட்டு வந்தது. மிளகாய்த்தூள் இருக்கிறதா என்று மைத்துனன் கேட்க, பரிமாறிய அம்மாள் டபாஸ்கோ புட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார்.

சனி, கிரீன் லேக்

ஃபாண்டுலாக் வரை வடக்கே போய், 23-ஆம் எண் சாலையில் மேற்கே திரும்பினால் ரிப்பன் வருகிறது. ரிப்பன் பிரபு பெயரில் கட்டடம் உள்ள ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தப் பெயர்ப்பலகை ஒரு நொடி குழப்பம் தந்தது. இது வேறு ரிப்பன். 1854-இல் குடியரசுக் கட்சி முளைவிட்ட கூட்டம் இங்கே ஒரு சிறிய வெள்ளைப் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிரீன் லேக். சுமார் 236 அடி ஆழம். விஸ்கான்சினின் உள்நாட்டு ஏரிகளில் இயற்கையாக அமைந்தவற்றுள் இதுவே ஆழமானது.

லாசோனியா திடலுக்கு வந்துசேர்ந்தபோது வண்டி நிறுத்துமிடத்தில் பிக்கப் டிரக்குகள்தான் அதிகம். பையை இறக்கி வைக்க யாரும் ஓடிவரவில்லை. கட்டணம் நேற்றையதில் ஒரு துண்டு. எங்களோடு சேர்ந்து ஆட இரண்டு பேரை அனுப்பினார்கள்: பணி ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர், பால் பண்ணை வைத்திருக்கும் அவருடைய அண்ணன். பொதுத் திடல்களில் எனக்குப் பிடித்த வழக்கம் இது. இடம் காலியாக இருந்தால் முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துவிடுவார்கள்; அரை மைல் நடப்பதற்குள் அவர்களுடைய முழங்கால் அறுவை சிகிச்சை வரை தெரிந்துவிடும்.

இந்த நிலம் விக்டர் லாசனுடையது. சிகாகோ டெய்லி நியூஸ் நாளிதழின் அதிபர். அவரும் மனைவி ஜெஸ்ஸியும் ஏரிக்கரையில் கட்டிய பண்ணை வீடும் தோட்டமும் லாசோனியா ஆயிற்று. 1925-இல் அவர் இறந்த பிறகு நிலம் கைமாறி, வில்லியம் லாங்ஃபோர்ட், தியடோர் மொரோ என்னும் இருவர் இங்கே திடல் அமைத்தார்கள். திறந்தது 1930. பெருமந்தம் நாட்டைப் பிடித்துக்கொண்ட நேரம். ஆடம்பர விடுதிக் கனவு நொடித்துப்போக, 1943-இல் பாப்டிஸ்ட் திருச்சபையினர் இடத்தை வாங்கினார்கள். அதனால் ஒரு நன்மை விளைந்தது. ஊரெல்லாம் பழைய திடல்களை இடித்து நவீனமாக்கிய காலத்தில் இங்கே யாரும் அதிகம் கைவைக்கவில்லை.

முதல் கிரீனைப் பார்த்ததும் மைத்துனன் நின்றுவிட்டான்.

"அத்தான், இது கோல்ஃப் திடலா, கோட்டை மதிலா?"

கேள்வி நியாயமானதுதான். பங்கர்களின் முகங்கள் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல், புல் போர்த்திய செங்குத்துச் சரிவுகளாக எழுந்து நிற்கின்றன. கிரீன்கள் மேசைபோல் உயர்ந்து, ஓரங்கள் வெட்டியெடுத்தாற்போல் இறங்குகின்றன. லாங்ஃபோர்ட் பொறியாளர், நீராவி மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு மண்ணை அள்ளிக் குவித்தார். இயற்கை செய்ததுபோல் காட்ட அவர் மெனக்கெடவே இல்லை. மணல்மேடு கிடையாது, கடல் கிடையாது, மண்ணும் ஸ்காட்லாந்துக் கடற்கரை மண் கிடையாது. பெயரில்தான் லிங்க்ஸ் இருக்கிறது என்று சுத்த சைவர்கள் சொல்லக்கூடும்.

ஆடிப் பார்க்கவேண்டும். அந்த முரட்டு மதில்கள் பக்கவாட்டில்தான் நிற்கின்றன. பல குழிகளில் முன்வாசல் திறந்திருக்கிறது. எங்கிருந்து வந்தால் வாசல் தெரியும் என்பதுதான் புதிர். ஃபேர்வே அகலமாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு நடுவில் அடித்தால், அடுத்த அடிக்கு மதில் குறுக்கே வரும். பங்கர் பக்கமாகத் துணிந்து போனவனுக்கு கிரீன் முழுதாகத் திறக்கும். இன்னொரு குறும்பும் உண்டு. கிரீனுக்குச் சற்று முன்பே ஒரு மேட்டை எழுப்பி, இரண்டுக்கும் இடையில் உள்ள இருபது முப்பது கஜத்தை மறைத்துவிடுகிறார்கள். கொடி அருகில் இருப்பதுபோல் தெரியும். தூரம் அளக்கும் கருவியில் மைத்துனன் இரண்டு முறை பார்த்தும் அவன் கண் கருவியை நம்ப மறுத்தது.

ஏழாவது குழி இந்தத் திடலின் விலாசம். சுமார் 160 கஜம், ஒரே அடியில் எட்டவேண்டும். கிரீன் ஒரு பெரிய பெட்டிபோல் தரையிலிருந்து எழுந்து நிற்கிறது. உள்ளே ஒரு ரயில் சரக்குப் பெட்டியையே புதைத்து, மேலே மண் போட்டு, புல் வளர்த்ததாகச் சொல்கிறார்கள். தோண்டிப் பார்த்தார்களா என்று கேட்டேன். அறிவியல் ஆசிரியர் தலையசைத்தார்: "தோண்டிப் பார்த்து இல்லை என்று தெரிந்துவிட்டால் யாருக்கு லாபம்?" அவருடைய அண்ணனின் பந்து மேசையின் வலது ஓரத்தில் பட்டு, சரிவில் உருண்டு, கிரீனிலிருந்து இரண்டு ஆள் ஆழத்தில் போய் நின்றது. அவர் அதற்கென்றே பழகிவைத்த அடி ஒன்றை அடித்து, மேலே கொண்டுவந்து, பார் எடுத்தார். வீட்டு வாசற்படி ஏறுகிற அலட்சியம்.

பின்பாதியில் எனக்கு நல்ல நேரம். கொடிக்கு 120 கஜம் இருக்கும்போது உயரத் தூக்கும் மட்டையை விட்டுவிட்டு, ஏழாம் எண் அயர்னை எடுத்து, பாதி வீச்சில் தட்டினேன். பந்து இரண்டு எட்டு குதித்து, ஒரு வரப்பில் இடப்பக்கம் சாய்ந்து, தாழ்வில் வேகம் பிடித்து, கிரீனின் முன்வாசலில் நுழைந்து, நிதானமாக நடந்து போய்க் கொடிக்கு ஆறடியில் நின்றது. பந்து பறக்கும்போது பார்ப்பதற்கு ஐந்து நொடிகூட இருக்காது. ஓடும்போது ஒரு கதையே நடக்கிறது: இப்போது திரும்பும், இல்லை, ஏறும், நின்றுவிடுமோ, இல்லை. நால்வரும் பேசாமல் நின்று பார்த்தோம். பால் பண்ணைக்காரர், "இதைத்தான் அவர்கள் 1930-இல் மனத்தில் வைத்திருந்தார்கள்" என்றார். மைத்துனன் அடித்த பந்தோ அழகாக உயர்ந்து, அழகாக இறங்கி, கெட்டித் தரையில் மோதி, கிரீனைத் தாண்டிப் பின்பக்கச் சரிவில் மறைந்தது.

அன்றைக்குக் கணக்கில் நான் அவனைவிட நான்கு அடி குறைவு. சாப்பாட்டுச் செலவு அவனுடையது.

ஞாயிறு, 23-ஆம் எண் சாலை

காலையில் லாசோனியாவில் இன்னும் ஒன்பது குழிகள். பிற்பகல் கிழக்கே பயணம். சோளம் காய்ந்து நிற்கிறது, மேப்பிள் மரங்கள் ஒன்றிரண்டு சிவக்கத் தொடங்கியிருக்கின்றன. ப்ளிமத் அருகே பாலாடைக்கட்டித் துணுக்குகள் வாங்கினோம். புதிதாக இருந்தால் கடிக்கும்போது பல்லிடுக்கில் கீச்சென்று சத்தம் வரும். வந்தது.

மாலை கோலர் கிராமம். குளியல்தொட்டியும் கழிப்பறைக் கோப்பையும் செய்யும் அதே கோலர்தான். ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஜான் மைக்கேல் கோலர், 1883-இல் பண்ணையில் பயன்படும் இரும்புத் தொட்டி ஒன்றுக்கு எனாமல் பூசிக் குளியல்தொட்டியாக விற்றார் என்பது நிறுவனத்தின் தலபுராணம். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்கள் தங்க 1918-இல் கட்டிய அமெரிக்கன் கிளப் என்ற விடுதி இன்று ஐந்து நட்சத்திரம். நாங்கள் ஷெபாய்கனில் ஒரு சாதாரண விடுதியில் தங்கி, கரியில் சுட்ட பிராட்வர்ஸ்ட் சாப்பிட்டுத் தூங்கினோம்.

திங்கள், ஹேவன்

விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ். மிச்சிகன் ஏரியின் கரையில், மதிற்கல் வைத்த பண்ணைவீடுபோன்ற கிளப்பின் முன்னே நின்று பார்த்தால் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு வந்துவிட்டதாகவே தோன்றும். மேடும் மணலும் வெளிறிய புல்லும், கீழே அலை அடிக்கிறது, எதிர்க்கரை தெரியவில்லை. கறுத்த முகமுள்ள ஸ்காட்லாந்து ஆடுகள் மேய்கின்றன. அந்த ஆடுகள்கூட வேலைக்கு அமர்த்தப்பட்டவையே.

ஏனென்றால் இங்கே இருந்தது தட்டையான வெளி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவத்தின் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பயிற்சி முகாம். அதன் பிறகு அணுமின் நிலையம் கட்டத் திட்டமிட்டுக் கைவிட்ட நிலம். ஹெர்ப் கோலர் அதை வாங்கி, வடிவமைப்பாளர் பீட் டையை அழைத்துவந்து, லாரி லாரியாக மணலை இறக்கி மேடுகளை எழுப்பினார். 1998-இல் திறந்தார்கள். பங்கர்கள் ஆயிரத்தை நெருங்கும். பலவற்றில் ஆட்டத்துக்குப் பயனே இல்லை, பார்வைக்கு மட்டும். தொழில்முறை கோல்ஃபின் பெரிய போட்டிகளுள் ஒன்றான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் மூன்று முறை நடந்திருக்கிறது. 2004-இல் வென்றவர் ஃபிஜி இந்தியரான விஜய் சிங். கடைசி நாள் 76 அடித்தும், கூடுதல் ஆட்டத்தில் அன்றைய தன் ஒரே பர்டியை (பாருக்கு ஓர் அடி குறைவு) எடுத்து மற்ற இருவரையும் முந்தினார். 2021-இல் ரைடர் கோப்பையில் அமெரிக்கா 19-9 என ஐரோப்பாவை வாரிச் சுருட்டியதும் இங்கேதான்.

எங்கள் கேடி, அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமந்து வருபவர், ஒரு கல்லூரி மாணவி. இரண்டு பைகளைச் சுமந்துகொண்டு எங்களைவிட வேகமாக நடந்தார். மூன்றாவது குழியிலேயே என் ஆட்டத்தைப் புரிந்துகொண்டு, "சார், இன்று உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்றார் மென்மையாக. சரிதான். இங்கே எல்லாம் லிங்க்ஸ்போல் இருக்கிறது, ஆனால் ஆட்டம் வானத்தில். குட்டைக் குழிகள் நான்கும் ஏரி விளிம்பில் நிற்கின்றன. பதினேழாவது குழியில் இடப்பக்கம் பள்ளமும் மணலும், அதற்கப்பால் தண்ணீர். உருட்டுவதற்கு ஒரு சந்துகூட இல்லை. மைத்துனனுக்கோ திருவிழா. ஏரிக்காற்றைக் கணக்குப் போட்டு, பந்தைத் தண்ணீரின்மேல் அனுப்பி, உள்ளே வளைத்துக் கொண்டுவந்தான். கேடி கைதட்டினார்.

பதினெட்டாவது குழியில் எல்லாரும் கேட்கும் இடத்தை நாங்களும் கேட்டோம். 2010-இல் டஸ்டின் ஜான்சன் ஓர் அடி முன்னிலையோடு இங்கே வந்து, வலப்பக்கம் கூட்டத்துக்குள் அடித்துவிட்டார். பந்து கிடந்தது மிதிபட்ட மண்ணில். அது பங்கர் என்று தோன்றாமல், பங்கரில் செய்யக்கூடாததைச் செய்தார்: மட்டையைத் தரையில் ஊன்றினார். திடலில் உள்ள மணல் எல்லாமே பங்கர்தான் என்று முன்பே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இரண்டு அடி தண்டனை. கூடுதல் ஆட்டத்துக்குப் போகவேண்டியவர் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார். கோப்பை மார்ட்டின் கைமருக்கு. அலங்காரத்துக்கு வெட்டிய குழி ஒன்று ஒரு சாம்பியன்ஷிப்பைத் தீர்மானித்தது என்பதை நினைத்தால், சனிக்கிழமை பார்த்த அந்த மதில்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. அங்கே ஒரு மண்வெட்டு மண்கூட வேலையில்லாமல் கிடக்கவில்லை.

அழகில்லை என்று சொல்லவரவில்லை. எட்டாவது குழியில் மேட்டின்மேல் நின்று ஏரியைப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். இப்படி ஒன்றைத் தட்டை நிலத்தில் உண்டாக்கியது மேதைமைதான். ஆனால் பனியாறு செய்த எரினும் லாரி செய்த ஸ்ட்ரெய்ட்ஸும் கண்ணுக்கு லிங்க்ஸைக் காட்டுகின்றன. தான் மண்வாரி செய்தது என்பதை ஒளிக்காத லாசோனியாதான் பந்தை ஓடவிடுகிறது. காரில் இதைச் சொன்னேன்.

"தோற்றவர் பேச்சு, அத்தான்" என்றான். கணக்கில் பதினொரு அடி வித்தியாசம்.

செவ்வாய், வீடு

போக நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று திடல்களிலும் உறுப்பினர் சிபாரிசு தேவையில்லை. பணம் கட்டும் யாரும் ஆடலாம். ஆனால் எரினும் ஸ்ட்ரெய்ட்ஸும் ஆளுக்குச் சில நூறு டாலர்கள். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். நடப்பதற்குப் பழகிய செருப்போ காலணியோ இல்லாமல் போகாதீர்கள். மேடு ஏறி இறங்குவதில் முட்டி பேசும். ஏரிக்கரையில் வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். அக்டோபர் பாதிக்கு மேல் காலையில் உறைபனி விழுந்தால் புல் காயும்வரை ஆடவிட மாட்டார்கள். கேடிக்கு ரொக்கம் கொடுப்பதுதான் வழக்கம். அந்த ஊரில் ஏ.டி.எம். தேடி அலைவதைவிட முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நேராக கிரீன் லேக் போய்க் காலையும் மாலையும் அங்கேயே ஆடுங்கள். மைத்துனன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.